கறி வேண்டாம் என்கிறாள் மகள்: மார்க்கக் குற்றமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். என் மகளுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இருபது நாள் முன்னாலேயே என் கணவர் ஒரு கிடா வாங்கி வந்து கொல்லையில் கட்டினார். அதற்குத் தழை போட்டது, தண்ணீர் காட்டியது எல்லாம் இவள்தான். 'சுல்தான்' என்று பெயர்கூட வைத்தாள். பெருநாளன்று அறுப்பதை மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஆட்டுக்கறி, கோழி எதையும் தொடுவதில்லை. பால், முட்டை மட்டும் சாப்பிடுகிறாள். "வாயில்லா ஜீவனோட ரத்தம் அல்லாஹ்வுக்கு எதுக்கும்மா?" என்று கேட்கிறாள். அவள் அத்தா, "ஹலாலா அறுத்தா ஆட்டுக்கு வலியே தெரியாது, ஜெர்மனியிலேயே நிரூபிச்சிட்டாங்க. அல்லாஹ் ஹலாலாக்கினதை ஹராமாக்குறவ மார்க்கத்துல இருக்காளான்னு கேளு" என்று சத்தம் போடுகிறார். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு மாசக்கணக்காகிறது. கறி சாப்பிடாமல் இருப்பது பாவமா? பிராணிகள் விஷயத்தில் நம் மார்க்கம் உண்மையில் என்ன சொல்கிறது? அடுத்த பெருநாள் நெருங்குகிறது, பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், திருச்சி மாவட்டம்)

பதில்: வ அலைக்கும் ஸலாம், சகோதரி.

ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு வேண்டுமென்றால் உங்கள் மஹல்லா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம்தான் போக வேண்டும். நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை, கால்நடை மருத்துவர். முப்பத்தோரு வருட சர்வீஸில் ஒன்பது வருடம் ஒரு மாநகராட்சி ஆட்டுத்தொட்டியில், அதாவது அறுவைக்கூடத்தில் வேலை பார்த்தேன். விடிகாலை நாலரை மணிக்குப் போய் நிற்பேன். உயிரோடு நிற்கும் ஆட்டைப் பார்த்து 'அறுக்கலாம்' என்றும், கொக்கியில் தொங்கும் கறியைப் பார்த்து 'விற்கலாம்' என்றும் முத்திரை போடுவதுதான் வேலை. மார்க்க விஷயத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் மதரஸாவில் ஓதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஹதீஸ்கள், அதாவது நபிமொழிகள். ஆட்டு விஷயத்தில் சொல்வது என் கண்ணால் பார்த்தது.

உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். கறி சாப்பிடாமல் இருப்பது பாவம் இல்லை. தொழுகை கடமை, நோன்பு கடமை. பிரியாணி கடமை என்று எந்த மத்ஹபும் (மார்க்கச் சட்டப் பிரிவும்) சொல்லவில்லை. கறி அனுமதிக்கப்பட்ட உணவு. அனுமதி என்றால் சாப்பிடலாம் என்பதுதான், சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

உங்கள் கணவரிடம் ஒரு ஹதீஸை எடுத்துச் சொல்லுங்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் மனைவி மைமூனா (ரலி) வீட்டில் சுட்ட உடும்பு பரிமாறப்படுகிறது. நபியவர்கள் கையை நீட்டுகிறார்கள். 'இது உடும்பு' என்று பெண்கள் சொன்னதும் கையை எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் இருந்த காலித் பின் வலீத் (ரலி), "இது ஹராமா, அல்லாஹ்வின் தூதரே?" என்று கேட்கிறார். 'இல்லை, என் மக்களின் ஊரில் இது கிடையாது, எனக்கு இதில் மனம் செல்லவில்லை' என்கிற கருத்தில் பதில் வருகிறது. காலித் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துச் சாப்பிட்டார். நபியவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், தடுக்கவில்லை. சாப்பிட்டவரும் குற்றவாளி ஆகவில்லை, சாப்பிடாதவரும் ஹலாலை ஹராமாக்கிவிடவில்லை. உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் நடக்க வேண்டியதும் இவ்வளவுதான்.

உங்கள் கணவரின் கோபத்தை நான் தள்ளிவிடவில்லை. அவர் பயப்படும் எல்லை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அல்லாஹ் அனுமதித்த நல்லவற்றை நீங்களாக விலக்கப்பட்டதாக ஆக்கிக்கொள்ளாதீர்கள் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 87ஆவது வசனம் சொல்கிறது. இனி பெண் வேண்டாம், தூக்கம் வேண்டாம் என்று வணக்கத்துக்காகச் சபதம் எடுத்த தோழர்களை நபியவர்கள் கண்டித்த சம்பவத்தில், முஸ்லிமில் உள்ள அறிவிப்பின்படி, 'இனி கறி சாப்பிட மாட்டேன்' என்றவரும் ஒருவர். ஆகவே மகளிடம் மெதுவாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். 'எனக்கு மனம் வரவில்லை' என்கிறாளா, 'யார் சாப்பிட்டாலும் அது குற்றம்' என்கிறாளா? முதலாவதற்கு உடும்பு ஹதீஸே போதும். இரண்டாவது என்றால் அவள் சுல்தானைப் பற்றிப் பேசவில்லை, தன் அத்தாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறாள். வெளியில் நம் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்து நம்மை எடைபோடும் காலம் இது. அதே பேச்சு வீட்டுக்குள்ளிருந்து, அதுவும் மகள் வாயிலிருந்து வந்தால் எந்த அத்தாவுக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அவர் சத்தத்தில் பாதி அந்த வலி என்று எனக்குத் தோன்றுகிறது.

அவளுடைய 'ரத்தம் அல்லாஹ்வுக்கு எதுக்கு' என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேள்விக்காக அவளை யாரும் அதட்ட வேண்டாம். அதைக் குர்ஆனே சொல்லியிருக்கிறது. அல்ஹஜ் அத்தியாயம் 37ஆவது வசனம்: அவற்றின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வைச் சென்றடைவதில்லை, உங்கள் இறையச்சமே அவனைச் சென்றடைகிறது. அதற்கு முந்தைய வசனம், நீங்களும் சாப்பிடுங்கள், கேட்காமல் இருக்கும் ஏழைக்கும் கேட்டு வரும் ஏழைக்கும் கொடுங்கள் என்கிறது. இரத்தம் யாருக்கும் போகவில்லை, கறி மனிதர்களுக்குப் போகிறது. அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொல்வதை நான் எப்படிப் புரிந்துகொள்கிறேன் என்றால், இந்த உயிர் என்னுடையது இல்லை, இதை எடுக்க எனக்குச் சொந்த உரிமை எதுவும் கிடையாது, உடையவன் அனுமதித்ததால் மட்டும் கை வைக்கிறேன் என்று சொல்வது. இப்படிப் புரிந்துகொண்டவன் ஆட்டை டூவீலரில் காலைக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவர மாட்டான்.

இனி அந்த ஜெர்மனி விஷயம். உங்கள் கணவருக்கு வாட்ஸ்அப்பில் வந்தது எனக்கும் வருடா வருடம் வருகிறது. அப்படி ஒரு ஆய்வு நடந்தது உண்மை. 1978இல் ஹனோவர் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் ஷூல்ட்ஸே என்ற பேராசிரியரும் அவர் குழுவும் செம்மறிகளுக்கும் கன்றுகளுக்கும் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தபடி அறுத்துப் பார்த்தார்கள். கூர்மையான கத்தியால் முறையாக அறுத்தபோது வலிக்கான அடையாளம் பதிவில் தெரியவில்லை என்று எழுதினார்கள். ஃபார்வர்ட் செய்பவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2009இல் நியூஸிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்தில் கன்றுகளை லேசான மயக்கத்தில் வைத்து, இன்னும் நுட்பமான முறையில் பார்த்தபோது, கழுத்தை வெட்டும்போது மூளையில் வலிக்கான அலை பதிவானது. ஆகவே 'வலியே தெரியாது' என்று மகளிடம் சொல்ல வேண்டாம். அவள் கண்ணால் பார்த்தவள். அவளிடம் அப்படிச் சொன்னால் நீங்கள் சொல்லும் மற்ற எதையும் நம்ப மாட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வெட்டு வலிக்கும். எவ்வளவு நேரம் வலிக்கும் என்பதுதான் கேள்வி. ஆட்டுக்கு மூளைக்குப் போகும் இரத்தம் பெரும்பாலும் கழுத்தின் முன்புறத் தமனிகள் வழியாகத்தான் போகிறது. இரண்டையும் ஒரே இழுப்பில் வெட்டினால் சில வினாடிகளில் நினைவு போய்விடும். அதன்பின் கால் உதைப்பது நரம்பின் துடிப்பு, நினைவோடு செய்வது இல்லை. உங்கள் மகள் மாடியிலிருந்து பார்த்ததில் பெரும்பகுதி அந்த உதைப்பாகத்தான் இருக்கும். மாட்டுக்கு இது பொருந்தாது. அதற்குப் பின்கழுத்து எலும்புக்குள் ஓடும் தமனி வழியாகவும் மூளைக்கு இரத்தம் போவதால் நேரம் அதிகம் பிடிக்கும், சிலவற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகலாம். அறுக்கும் முன் மயக்கமூட்டும் முறையை நியூஸிலாந்தில் ஹலால் ஆட்டுக்கறிக்கே பயன்படுத்துகிறார்கள். தலையில் மட்டும் மின்சாரம் கொடுப்பார்கள், அறுக்காமல் விட்டால் ஆடு எழுந்து நடந்துபோய்விடும். அதனால்தான் பல உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) ஏற்றார்கள், ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். நம் ஊரில் அந்த விவாதத்துக்கே இன்னும் வேலை வரவில்லை. இங்கே முதலில் கத்தி கூர்மையாக இருக்கிறதா என்பதே சந்தேகம்.

ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது: எல்லாவற்றிலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான், அறுத்தால் நல்ல முறையில் அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், அறுக்கப்படும் பிராணிக்குச் சிரமம் இல்லாமல் செய்யுங்கள். இன்னொரு சம்பவமும் உண்டு. ஒருவர் ஆட்டைப் படுக்க வைத்துவிட்டு, அது பார்த்துக்கொண்டிருக்கக் கத்தி தீட்டினார். 'இதை இரண்டு தடவை சாகடிக்கப் பார்க்கிறாயா? படுக்க வைப்பதற்கு முன்னால் தீட்டியிருக்கக் கூடாதா?' என்று நபியவர்கள் கேட்டார்கள்.

நான் வேலை பார்த்த தொட்டியில் ஒரு பெரியவர் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். கத்தியை இடுப்பில் பின்பக்கம் செருகி, மேலே துண்டு போட்டு மறைத்திருப்பார். ஆட்டை இழுத்து வர மாட்டார். கையில் நாலு புளியந்தழை வைத்திருப்பார், அது தானாகப் பின்னால் வரும். கையை முதுகில் வைத்துத் தடவிக்கொண்டே படுக்க வைப்பார். ஒரே இழுப்பு. முடிந்ததும் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிடுவார். நான் குனிந்து கருவிழியில் விரல் வைத்துப் பார்ப்பேன். இமைத்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டிய பிறகுதான் தோலில் கை வைப்பார். ஒரு ஆட்டுக்கு அவருக்குப் பத்து நிமிடம் ஆகும்.

பக்கத்தில் இளவட்டங்கள். அவர்களுக்கு எண்ணிக்கைக்குக் கூலி. ஒன்று அறுபட்டுத் துடிக்கும்போதே அடுத்ததன் காதைப் பிடித்து இழுத்து வருவார்கள். இரத்தத்தில் குளம்பு வழுக்கும். கண்ணை உருட்டிக்கொண்டு நாலு காலையும் ஊன்றி நிற்கும், அடிப்பார்கள். கருவிழி இமைக்கும்போதே முன்னங்காலில் கத்தி போட்டுத் தோலை ஊத ஆரம்பித்துவிடுவார்கள். நான் கத்துவேன். நான் அடுத்த வரிசைக்குப் போனதும் மறுபடி அதுதான். அத்தனை பேரும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் அறுத்தார்கள். முத்திரை போட்டதும் நான்தான். ஒரு மருத்துவர் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பிராணிகளுக்கு மேல், ஒரு நாளைக்கு 96க்கு மேல் பார்க்கக் கூடாது என்று 2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகள் சொல்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எத்தனைக்கு முத்திரை குத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அதே விதிகளில், ஒரு பிராணியை மற்றொன்றின் கண்ணெதிரே அறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. இதைப் படித்ததும் எனக்கு 1262இல் கெய்ரோவில் காலமான ஷாஃபி மத்ஹப் அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் நினைவுக்கு வருவார். மனிதன் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகள் என்று அவர் ஒரு பட்டியலே எழுதியிருக்கிறார். கிழடாகி, நோயாகி, இனி ஒரு பயனும் இல்லை என்றாலும் தீனி போட வேண்டும். தாங்காத சுமை ஏற்றக் கூடாது. தன்னை முட்டி மிதிக்கும் பிராணியோடு சேர்த்து அடைக்கக் கூடாது. உயிர் முழுதாக அடங்கி உடல் குளிரும்வரை தோலை உரிக்கவோ எலும்பை உடைக்கவோ கூடாது. தாயின் கண்முன்னே குட்டியை அறுக்கக் கூடாது. எழுநூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழைய பட்டியல். எங்கள் தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த அரசாங்கச் சுற்றறிக்கையைவிட அதில் விவரம் அதிகம்.

இவை எல்லாம் கத்திக்கு முந்தைய சங்கதிகள் என்பதைக் கவனியுங்கள். நாம் 'ஹலாலா?' என்று கேட்பது அந்தக் கடைசி ஐந்து வினாடியைப் பற்றி மட்டும். ஹதீஸ்களைப் புரட்டினால் பிராணி உயிரோடு இருக்கும் காலத்தைப் பற்றித்தான் பேச்சு அதிகம். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியில் சாகவிட்ட பெண் நரகத்துக்குப் போனாள். தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார். ஒரு அன்சாரித் தோழரின் தோட்டத்தில் நபியவர்களைக் கண்டதும் ஒரு ஒட்டகம் முனகிக் கண்ணீர் விட்டது. காதின் பின்புறம் தடவிக் கொடுத்துவிட்டு அதன் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, 'நீ பட்டினி போட்டு வேலை வாங்குவதாக இது என்னிடம் முறையிடுகிறது' என்றார்கள். முகத்தில் சூடு போடப்பட்ட கழுதையைப் பார்த்து, சூடு போட்டவரைச் சபித்தார்கள். குஞ்சுகளை எடுத்துவிட்டதால் சிறகடித்துத் தவித்த பறவையைப் பார்த்து, குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் 38ஆவது வசனத்தில் வருகிறது. 'அன்ஆம்' என்றாலே கால்நடைகள்தான். உங்கள் மகள் இந்தப் பக்கத்து மார்க்கத்தைக் கேள்விப்பட்டிருக்கிறாளா? மக்தபில் நமக்கெல்லாம் பூனை ஹதீஸ் சொன்னார்கள், கோழிக்கடைக்கு அதைப் பொருத்திக் காட்டவில்லை.

கோழி என்றதும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள் கண்ணெதிரே அறுபடும் கிடாவைப் பற்றித்தான் வீட்டுக்கு வீடு சண்டை. வாரம் இரண்டு தடவை வாங்கும் பிராய்லரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த மாதிரிக் கிடா நல்ல வாழ்க்கை வாழ்ந்தது. வெயில் பார்த்தது, தழை தின்றது, பெயர் வைத்துக் கூப்பிட ஒரு பெண் இருந்தாள். பிராய்லருக்கு மொத்த ஆயுளே நாற்பது நாள் சொச்சம். உடம்பு இரண்டு கிலோவுக்கு ஊதும் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காமல் உட்கார்ந்தே தின்னும் கோழிகளை நான் பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். கடையில் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தராசில் தொங்கவிடுவார்கள், ஒரு கீறு, டிரம்முக்குள் வீச்சு. உள்ளே ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அடித்துக்கொள்ளும் சத்தம் அடங்குவதற்குள் எடுத்து வெந்நீரில் முக்குகிற கடைகளும் உண்டு. அறுத்ததால் சாகாமல் வெந்நீரில் மூச்சு முட்டிச் செத்திருந்தால் அது ஹலாலா என்று கடைக்காரரை ஒரு நாள் உங்கள் கணவர் கேட்டுப் பார்க்கட்டும். மூச்சுத் திணறிச் செத்தது விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கிறது, அதே அல்மாயிதாவின் 3ஆவது வசனத்தில்.

தீனியிலும் மார்க்கம் கண் வைத்திருக்கிறது. அசுத்தத்தைத் தின்று வளரும் பிராணியை 'ஜல்லாலா' என்பார்கள். அதன் கறியையும் பாலையும் நபியவர்கள் தடுத்தார்கள், அடைத்து வைத்து நல்ல தீனி போட்டுச் சுத்தமான பிறகே எடுக்கலாம் என்பது ஃபிக்ஹ், அதாவது மார்க்கச் சட்டம். குப்பைத்தொட்டியில் மேய்ந்த ஒரு மாட்டின் வயிற்றைப் பிரேதப் பரிசோதனையில் திறந்தபோது, பால் பாக்கெட் உறையும் கேரி பேக்கும் கயிறு கயிறாகத் திரண்டு வெளியே வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன் பாலை யாரோ காலையில் காபிக்கு வாங்கியிருப்பார்கள்.

உங்கள் மகளிடமும் எனக்கு ஒரு வார்த்தை. பாலும் முட்டையும் எடுத்துக்கொள்வது நல்லது, உடம்புக்கு வேண்டும். ஆனால் அதனால் கை சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முட்டைக்கோழி வளர்ப்பில் ஆண் குஞ்சுக்கு வேலை இல்லை. பொரித்த அன்றே பெரும்பாலானவற்றைக் கழித்துவிடுவார்கள், கொஞ்சம் பச்சை, சிவப்பு என்று சாயம் பூசித் தெருவில் விற்பனைக்கு வரும். கறவை மாட்டின் காளைக் கன்று எங்கே போகிறது என்று பால்காரரிடம் கேட்டால் பேச்சை மாற்றுவார். சாப்பிடாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. அத்தாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் கணக்கு எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கறியைக் குறைத்துக்கொண்ட, விலகி நின்ற முஸ்லிம்கள் அவளுக்கு முன்னாலும் இருந்திருக்கிறார்கள். கறியிடம் கவனமாக இருங்கள், மதுவைப் போல அதற்கும் ஒரு பழக்கப்பிடிப்பு உண்டு என்று உமர் (ரலி) சொன்னதாக இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் நூலில் பதிவாகியிருக்கிறது. தினமும் கறி இல்லாமல் சோறு இறங்காது என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. சிரியாவில் கண் பார்வை இல்லாத கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரி, 1057இல் இறக்கும்வரை பல பத்து வருடங்கள் கறி, பால், முட்டை, தேன்கூடத் தொடவில்லை. அதற்காகவும் வேறு பலவற்றுக்காகவும் அவரைக் கண்டித்தவர்கள் உண்டு, மகள் முன்னுதாரணமாகப் பிடித்துக்கொள்ள ஏற்ற ஆள் என்று சொல்ல மாட்டேன். நம் மொழியிலேயே ஒருவர் இருக்கிறார். இலங்கையில் தமிழில் போதித்து, 1971இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் 1986இல் அங்கேயே மறைந்த சூஃபி பாவா முஹையத்தீன். அவர் சபையின் சமையலில் கறி கிடையாது. அங்கே பள்ளிவாசல் இருக்கிறது, ஐந்து வேளையும் தொழுகை நடக்கிறது.

அடுத்த பெருநாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் பக்கம் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹப், வசதி உள்ளவர்மீது குர்பானி (பெருநாள் பலி) வாஜிப், அதாவது கட்டாயம். ஷாஃபிகளுக்கு, காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கமெல்லாம், அது வலியுறுத்தப்பட்ட ஸுன்னத். எப்படியும் உங்கள் கணவர் கொடுக்கட்டும், அது அவருடைய வணக்கம். மகள் அங்கே நிற்க வேண்டிய அவசியமோ கறியைத் தின்ன வேண்டிய அவசியமோ இல்லை. ஒன்று மட்டும் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். நகை அவள் பெயரில் இருந்து, அது 612 கிராம் வெள்ளியின் மதிப்பைத் தாண்டினால் ஹனஃபி சட்டப்படி அவள்மீதும் குர்பானி வரலாம். அப்படியானால் கூட்டுக் குர்பானியில் பணம் கட்டி, பங்கை முழுதாக ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிடலாம்.

கிடாவை வீட்டிலேயே வைத்து வளர்ப்பதில் தப்பில்லை, மதீனாவில் நபித்தோழர்களும் குர்பானிப் பிராணியைத் தீனி போட்டுத் தேற்றியிருக்கிறார்கள். ஆனால் இந்த வருடம் வேண்டாம். பெருநாளுக்கு முந்தின நாள் கொண்டுவந்தால் போதும், வேனில் நிற்க வைத்துக் கொண்டுவாருங்கள். மார்க்க முறைப்படி அறுப்பதற்கு 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம் 28ஆவது பிரிவில் விலக்கு கொடுத்திருக்கிறது. டூவீலரில் கட்டி வருவதற்கு அந்தச் சட்டத்திலும் விலக்கு இல்லை, மார்க்கத்திலும் இல்லை. வாங்கும்போது வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒரு வயது தாண்டியது நிச்சயம். நொண்டி, ஒரு கண் போனது, நோயாளி, எலும்பும் தோலுமானது கூடாது என்பது தெரிந்திருக்கும்.

இன்னொன்று. முதல் நாள் காலை எட்டு மணிக்கே முடித்துவிட வேண்டும் என்று ஏன் இத்தனை அவசரம்? ஹனஃபிக்கு மூன்று நாள், ஷாஃபிக்கு நான்கு நாள் அவகாசம் இருக்கிறது. முதல் நாள் உங்கள் வீட்டுக்கு வரும் ஆள் அதற்குள் ஏழெட்டு வீடு முடித்திருப்பார். கத்தி மழுங்கியிருக்கும், கை ஓய்ந்திருக்கும், அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். இரண்டாம் நாள் காலையில் நிதானமான ஒருவரைக் கூப்பிடுங்கள். கத்தியை முந்தின இரவே சாணை பிடித்து, தாளில் வைத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாள் கிழியாமல் வெட்டுப்பட வேண்டும். இரண்டு கிடா என்றால் ஒன்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டுங்கள். அறுத்த பிறகு கருவிழியைத் தொட்டுப் பார்க்காமல் கால் நரம்பை வெட்ட விடாதீர்கள். இதையெல்லாம் உங்கள் கணவரே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். அவர் பார்த்துக்கொண்டார் என்று மகளுக்குத் தெரிந்தால் அவள் கறி சாப்பிடப் போவதில்லை. ஆனால் ஒரே விரிப்பில் உட்காருவாள் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு விஷயம். குழம்பிலிருந்து கறியைப் பொறுக்கிவிட்டு அவளுக்கு ஊற்றும் வேலை வேண்டாம். ஒரு தடவை கண்டுபிடித்தால் பிறகு உங்கள் ரசத்தைக்கூட மோந்து பார்ப்பாள். அவளுக்குத் தனியாகக் கத்தரிக்காயோ மொச்சையோ போட்டுத் தாளிச்சா வையுங்கள், மற்றவர்களும் அதைக் கேட்டு வாங்குவார்கள். பருப்பு, சுண்டல், முருங்கைக்கீரை தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும், கூட எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே டீ வேண்டாம். பி12 கறி சாப்பிடாதவர்களுக்குக் குறைய வாய்ப்பு உண்டு, பாலும் முட்டையும் தொடரட்டும். பெருநாளுக்கு முன்னால் ஒரு தடவை ஹீமோகுளோபினும் பி12உம் பார்த்துவிட்டு, எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள்.